பனி டயர் என்று சொல்லி 23,500 ரூபாயை வழித்துக்கொண்டார்கள்: பிக்கப் வைத்திருப்பவர்கள் படிக்கவும்

கை இன்னும் நடுங்குகிறது. பாதி பயம், பாதி கோபம். இன்றைக்கு விடியற்காலை எண்ணூர் விரைவுச்சாலையில் என் பிக்கப்பின் பின்பக்கம் மட்டும் தனியாக வழுக்கிக் கிளம்பிப் போய், வரிசையில் நின்ற கன்டெய்னர் டிரெய்லருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பிரேக்கில் கால் வைத்ததும் இது. வேகம் 30கூட இருக்காது. நானும் கிளீனர் பையனும் உயிரோடு இருப்பது யார் செய்த புண்ணியமோ தெரியாது, டயர் விற்றவன் செய்த புண்ணியம் இல்லை என்பது மட்டும் தெரியும்.

மழையில் பிக்கப் வழுக்காமல் இருக்க என்னென்ன செய்யலாம் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நான் ஏமாந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

காசிமேட்டில் மீன் ஏற்றுகிறவன் நான். போகும்போது ஐஸோடு சேர்த்து ஒரு டன்னுக்கு மேல் இருக்கும், திரும்பும்போது காலி. பிக்கப் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், காலி வண்டிதான் எமன். என்ஜின் எடை முன்னால், தள்ளுவது பின் சக்கரம். பின்னால் கனமே இல்லாமல், மீன் தண்ணீர் வழிந்த ஈரத் தரையில் கிளட்சை விட்டால் சக்கரம் சும்மா சுற்றும். பழைய டயர் நாலும் தேய்ந்து, பள்ளத்துக்குள் இருக்கும் 1.6 மில்லிமீட்டர் அடையாளக் கட்டை மேல்மட்டத்துக்கே வந்துவிட்டது. ஐப்பசி பிறந்துவிட்டது, மாற்றியே ஆகணும். வழக்கமாகப் போகும் கடையில் நாலுக்கும் சேர்த்து முப்பதாயிரத்துக்கு மேல் சொன்னார்கள். கையில் இருந்தது சீட்டு எடுத்த காசு, 25,000.

அப்போதுதான் பழைய பொருள் வாங்கி விற்கிற ஒரு ஆப்பில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. 'ஐரோப்பா பனி டயர், ஓடாதது, மழையில் வழுக்கவே வழுக்காது.' கூடவே ஒரு வீடியோ. வெள்ளை வெளேரென்ற பனி மேட்டில் ஒரு பிக்கப் அலுங்காமல் ஏறுகிறது. ஒன்று 5,500, நாலு வாங்கினால் மாட்டும் கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 23,500.

கடை, ஜி.என்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் தகரக் கொட்டகை. போர்டு கிடையாது. அப்போதே திரும்பியிருக்கணும். ஆனால் அந்த ஆள் பேசிய விதம் இருக்கிறதே! "வாங்கண்ணே, காசிமேடா? எங்க மாமாவும் அங்க போட்லதான்" என்று ஆரம்பித்து, டீ சொல்லி, ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்கார வைத்தான். டயரை உருட்டி வந்து காட்டினான். தரையைப் பிடிக்கிற பட்டன் கட்டை எல்லாம் ஆழமாக இருந்தது. ஒவ்வொரு கட்டையிலும் பிளேடால் கீறின மாதிரி நெளிநெளியாகக் கோடு. பக்கவாட்டில் மூன்று முகடு உள்ள ஒரு மலைப் படம், அதற்குள் பனிப்பூ. ஒரு பக்கெட் தண்ணீரைத் தரையில் ஊற்றி, டயரை அதன் மேல் அழுத்தித் தள்ளிப் பார்க்கச் சொன்னான். நகரவில்லை. நானே தள்ளினேன்.

"பனியிலேயே வழுக்காதுன்னா மழையில வழுக்குமாண்ணே?"

இந்த ஒரு வாக்கியத்தில்தான் விழுந்தேன். இன்றைக்கும் கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் வந்தது. புது டயரில் சின்னச் சின்ன ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்குமே, இதில் ஒன்றுகூட இல்லையே என்று கேட்டேன். "வெளிநாட்டு டயர்ல முடி வராதுண்ணே" என்று சிரித்தான். சரி என்று நானும் சிரித்துவிட்டு 23,500 ரூபாயை போனில் அவன் சொன்ன நம்பருக்கு அனுப்பினேன். பில் கேட்டதற்கு, பில் போட்டால் வரியோடு இன்னும் கூடும், உங்களுக்கு எதற்கு என்றான். மாட்டி முடித்ததும் வண்டி பக்கத்தில் என்னை நிற்க வைத்து ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டான். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்ட முதல் கேள்வி, "பில் எங்க?" அன்றைக்கு எரிந்து விழுந்தேன்.

முதல் மழையிலேயே துறைமுக வாசலில் வண்டி ஆடியது. போன் செய்தால், "மழைன்னா எல்லா டயரும்தாண்ணே வழுக்கும், மெதுவாப் போங்க" என்கிறான். வழுக்கவே வழுக்காது என்றவன் இவனேதான். இரண்டாவது தடவை, காற்றைப் பாதியாகக் குறைத்தால் நன்றாகப் பிடிக்கும் என்றான். அதையும் நம்பிக் குறைத்தேன், என் புத்தியை எதால் அடிப்பது. மூன்றாம் நாள் லோடோடு வரும்போது பின்பக்கம் ஒரு டயர் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைத்துக்கொண்டது.

தண்டையார்பேட்டையில் நமக்குத் தெரிந்த பஞ்சர் கடை பாய்தான் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை எவன் கொடுத்தான்?" என்றார். டயரின் உள்பக்கத்தில், ஒரு நீள்வட்டக் கட்டத்துக்குள் 2315 என்று நாலு எண். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2015ஆம் வருடத்து 23ஆம் வாரம் செய்த டயர். பத்து வயசு! தேதி பல டயர்களில் ஒரு பக்கம் மட்டும்தான் இருக்குமாம். அந்தப் பக்கம் உள்ளே போகிற மாதிரி பார்த்துப் பார்த்து மாட்டியிருக்கிறான். மற்றதையும் கழற்றினோம். இன்னொன்றும் 2315, ஒன்று 4014, நாலாவதில் எண்ணைச் சுரண்டியே எடுத்துவிட்டார்கள். மேலே பளபளப்பு எல்லாம் பாலிஷ். நம் நாட்டில் வண்டி டயர் விற்றால் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கணும். நாலில் ஒன்றிலும் இல்லை.

பனி டயர் என்பது மட்டும் பொய் இல்லை, அதுதான் வேடிக்கை. அந்த மலைப் படம் உண்மையான பனி டயர் அடையாளம்தான். ஆனால் அந்த ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போகிற ஊர்களுக்காகச் செய்தது, குளிரில் விறைத்துப் போகாமல் இருக்க மெத்தென்று விடுவார்கள். நமக்கு மார்கழி விடியலில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். இந்தச் சூட்டில் அந்தக் கீறின கட்டைகள் குழைந்து நெளியும், பிரேக் போட்டால் நிற்கிற தூரம் கூடும், சீக்கிரம் தேயும். இவன் கொடுத்ததோ பத்து வருடம் கிடந்து இறுகிப் போனது. குளிருக்கும் ஆகாது, வெயிலுக்கும் ஆகாது.

இதைவிடப் பெரிய அயோக்கியத்தனம் ஒன்று. என் பழைய டயரில் சுமை எண் 112, அதாவது ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். இதில் 100, வெறும் 800 கிலோ. காருக்குப் போடுகிற டயரை லோடு வண்டிக்கு மாட்டிவிட்டிருக்கிறான்.

நேரில் போனேன். கொட்டகையில் ஒரு பொடியன் மட்டும். ஓனர் ஊரில் இல்லையாம். உள்ளே அவன் செருப்பு கிடக்கிறது! மறுநாள் போனால் கதவில் பூட்டு. போனில் கேட்டால், "பில் இருந்தா கொண்டாங்கண்ணே, பேசலாம்." அந்த அண்ணே மட்டும் கடைசி வரை குறையவில்லை.

ஆப்காரர்களுக்கு எழுதினால், இது விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான விஷயம் என்று இயந்திரம் பதில் போடுகிறது. மறுபடி எழுதினேன். நீங்கள் வாங்கியது தொழிலுக்கு, அதனால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று ஒருவர் பதில் அனுப்பினார். 23,500 ரூபாய் கொடுத்தவன் நுகர்வோர் இல்லையாம்! தெரிந்த வக்கீலிடம் கேட்டேன். சொந்த உழைப்பில் பிழைப்பதற்காக மட்டும் வாங்கியிருந்தால் 2019ஆம் வருடச் சட்டப்படி நுகர்வோர்தான் என்றார். கொடுத்த காசு 5 லட்சத்துக்குள் இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமும் கிடையாது. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகார் பதிவு செய்துவிட்டேன். போனில் பணம் அனுப்பிய விவரம் ஒன்றுதான் கையில் இருக்கிறது.

புடைத்ததற்குப் பதில் ஸ்டெப்னியைப் போட்டு, மற்ற மூன்றையும் வைத்தே ஓட்டினேன். வேறு வழி? சீட்டுக் காசு போய்விட்டது, மாதத் தவணை நிற்காது. அதன் பலன்தான் இன்று காலை பார்த்தது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, லோடுக்காரர். அவசரத்துக்கு இவ்வளவுதான்: மாட்டுவதற்கு முன்னால் இரண்டு பக்கமும் திருப்பி அந்த நாலு எண்ணைப் படியுங்கள். பழைய டயரின் சுமை எண்ணுக்குக் குறைவாக வாங்காதீர்கள். காலியாகத் திரும்பும்போது பின் அச்சுக்கு நேர் மேலே இரண்டு மணல் மூட்டை போட்டுக் கட்டுங்கள், பனி ஊர்க்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள். பிடிப்புக்காகக் காற்றைக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். பில்.

அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது. டயர் ஒன்றுக்கு 500 ஏற்றி, 'மழைக்கால ஸ்பெஷல்' என்று போட்டிருக்கிறான். முதல் படத்தில் நீலத் தார்ப்பாய் போட்ட ஒரு பிக்கப், பக்கத்தில் ஒருவன் இளித்துக்கொண்டு நிற்பான். அது நான்தான். வண்டி நம்பரைக்கூட மறைக்கவில்லை.