"புழு தொடாத ரகம்" என்று சொல்லிக் கரணை விற்பவரிடம் ஏமாறாதீர்கள்

இரண்டு ஏக்கர் கரும்பு நட்டு ஏழு மாதம் ஆகிறது. நான் ஏமாந்ததுபோல் இன்னொருவர் ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கரணை (நடுவதற்கு வெட்டிய கரும்புத் துண்டு) விற்றவர் அடித்துச் சொன்னது ஒன்றுதான்: "இந்த ரகத்தைப் புழு தொடாது." நம்பி நட்டேன். 40ஆம் நாள் பல தூர்களில் (கரும்புக் குத்துகளில்) நடுக்குருத்து காய்ந்திருந்தது. பிடித்து இழுத்தால் கையோடு வந்தது, அடி அழுகி நாறியது. போன் செய்தேன். "அது இளங்குருத்துப் புழு, எல்லாக் கரும்புக்கும் வரும். நான் சொன்னது இடைக்கணுப் புழுவை" என்றார். சரி, பக்கத் தூர்கள் வெடித்து, அதாவது அடியிலிருந்து புதுக் குருத்துகள் முளைத்து, ஓரளவு ஈடுகட்டின, விட்டுவிட்டேன்.

ஐந்தாம் மாதம் சோகை (காய்ந்த இலை) உரிக்கும்போது கணுவை ஒட்டி ஓட்டைகள், ஓட்டை வாயில் புழுவின் ஈரமான எச்சம். ஒரு கரும்பைப் பிளந்தேன். உள்ளே வெள்ளைப் புழு, முதுகில் நான்கு ஊதா வரி. இளங்குருத்துப் புழுவுக்கு ஐந்து வரி இருக்கும். தொடவே தொடாது என்றாரே, அந்த இடைக்கணுப் புழுவேதான்!

மறுபடியும் அவரிடமே போனதுதான் நான் செய்த பெரிய தப்பு. டிரைக்கோகிரம்மா முட்டை அட்டைகளைக் கொடுத்தார், கூடவே ஒரு பூச்சிமருந்தும். டிரைக்கோகிரம்மா என்பது புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அதை அழிக்கும் பொடிக் குளவி; அது உள்ளே வளரும் முட்டைகளை அட்டையில் ஒட்டி விற்பார்கள். "அட்டையைக் கட்டிவிட்டு அன்றைக்கே தெளித்துவிடுங்கள்" என்றார். அந்த மருந்து பட்டால் குளவி முதலில் சாகுமே என்று உறுத்தியது. அட்டையை லென்ஸில் பார்த்தேன். உள்ளே குளவி வளர்ந்ததற்கு அடையாளமாக முட்டைகள் கறுப்பாகத்தான் இருந்தன, ஆனால் ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியதுபோல் வட்ட ஓட்டை. குளவிகள் எப்போதோ வெளியேறிவிட்டன. ஒரு சி.சி. (முட்டையை அளக்கும் கன சென்டிமீட்டர் கணக்கு) அட்டையில் சுமார் 20,000 முட்டை. அத்தனையும் வெறும் ஓடு. படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு அவர் போனை எடுப்பதே இல்லை.

புழுவே தொடாத கரும்பு என்று ஒன்று கிடையாது. ஒரு ரகத்தில் தாக்குதல் குறைவாக இருக்கலாம், இன்னொன்று அதிகமாகத் தூர் வெடித்து இழப்பைச் சமாளிக்கலாம், அவ்வளவுதான். அதே ரகத்துக்குத் தழைச்சத்தை அள்ளிப் போட்டு, சோகையையும் உரிக்காமல் விட்டால் புழு பெருகத்தான் செய்யும். கரும்பு ஏறக்குறைய ஒரு வருடம் வயலில் நிற்கிற பயிர், அதற்குள் இந்தப் புழு பல தலைமுறை எடுத்துவிடும். முதல் தலைமுறையைக் கோட்டைவிட்டால் பின்னால் வருவதைப் பிடிப்பது கஷ்டம். எனக்குப் போனது காசு மட்டுமல்ல, அந்த நாட்களும்தான்.

அட்டை வாங்குவதானால் தயாரித்த தேதியையும் குளவி வெளிவரும் தேதியையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் வாங்க வேண்டாம். கறுத்து, ஓட்டை விழாமல் இருக்கும் முட்டைதான் நல்லது. ஏக்கருக்கு ஒரு தடவைக்கு 2.5 சி.சி., நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு முறை விட வேண்டும். குளவி அதிக தூரம் பறக்காது, அதனால் அட்டையைத் துண்டு துண்டாக்கி வயல் முழுக்க இலையின் அடிப்பக்கம் கட்டுங்கள். அதையொட்டிய நாட்களில் பூச்சிமருந்தைத் தொடவே வேண்டாம்.

இப்போது வேறு இடத்தில் வாங்கிய அட்டைகளைக் கட்டியிருக்கிறேன். இந்த முறை கட்டுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்த்துவிட்டேன்.