டி ஹாவிலண்ட் விமான அருங்காட்சியகம், லண்டன் கோல்னி: எடி சாப்மனைத் தெரிந்துகொண்டு போங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், லண்டன் பக்கம் இருப்பவர்கள் ஒரு அரைநாள் ஒதுக்கிக் கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது. நான் இரண்டு முறை போயிருக்கிறேன். முதல் முறை ஒன்றும் தெரியாமல் போய், விமானங்களைப் பார்த்து, பையனை நிற்க வைத்துப் படம் எடுத்து, ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பிவிட்டேன். இரண்டாம் முறை போவதற்கு முன்னால் எடி சாப்மன் என்கிற இரண்டாம் உலகப்போர் கால இரட்டை உளவாளியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். அன்றைக்கு அதே மஞ்சள் விமானத்தின் முன்னால் நாற்பது நிமிஷம் நின்றேன். இடம் அதேதான், விமானமும் அதேதான், தெரிந்துகொண்டு போனதுதான் வித்தியாசம். அதனால் இந்த விமர்சனத்தில் பாதி அந்தக் கதையாகத்தான் இருக்கும்.

இடத்தைப் பற்றி முதலில். எம்25 நெடுஞ்சாலையை ஒட்டி ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் சாலிஸ்பரி ஹால் என்று அகழி சூழ்ந்த ஒரு பழைய மாளிகை இருக்கிறது, அதன் பக்கத்து நிலத்தில்தான் அருங்காட்சியகம். 1939 அக்டோபரில், போர் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்த நேரத்தில், டி ஹாவிலண்ட் நிறுவனம் ஆர். இ. பிஷப் தலைமையில் தன் வடிவமைப்புக் குழுவை ஹாட்ஃபீல்ட் தொழிற்சாலையிலிருந்து இங்கே கொண்டுவந்து ஒளித்து வைத்தது. மாஸ்கிட்டோ என்கிற குண்டுவீச்சு விமானத்தை வரைந்தது இந்த மாளிகையில், முதல் விமானத்தைக் கட்டியது பக்கத்திலேயே, தானியக் கொட்டகை மாதிரித் தெரியும்படி வேஷம் போட்ட ஒரு கட்டடத்தில். அந்த முதல் விமானம், டபிள்யூ4050, இன்றைக்கு அது பிறந்த அதே இடத்தில் நிற்கிறது. இதற்காகவே ஒரு முறை போகலாம்.

அதை இங்கே ஒளித்து வைத்தது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று என்று பாருங்கள். 1940 அக்டோபர் 3 அன்று ஒரேயொரு ஜெர்மானிய யுங்கர்ஸ் 88 விமானம் தாழப் பறந்து வந்து ஹாட்ஃபீல்ட் தொழிற்சாலைமேல் குண்டு போட்டதில் 21 பேர் செத்துப்போனார்கள். மாஸ்கிட்டோவுக்காகச் சேர்த்து வைத்திருந்த பொருள்களில் பெரும்பகுதி எரிந்தது. ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி, கொட்டகைக்குள் இருந்த முதல் விமானம் தப்பித்தது. அது அடுத்த மாதம் 25ஆம் தேதி ஹாட்ஃபீல்டிலிருந்து முதல் முறையாகப் பறந்தது.

அப்புறம் 1941 மே மாதம் கரேல் ரிக்டர் என்கிற ஜெர்மானிய உளவாளி பாரசூட்டில் குதித்தது இந்த லண்டன் கோல்னி பக்கம்தான். அவர் விமானத்தைத் தேடி வந்தவரில்லை, வேறொரு உளவாளிக்குப் பணம் கொண்டுவந்தவர். வழி கேட்ட ஒரு லாரிக்காரருக்குச் சந்தேகம் வந்து போலீஸிடம் சொல்ல, மாட்டிக்கொண்டார். அந்த டிசம்பரிலேயே தூக்கில் போட்டார்கள். தான் எதன் பக்கத்தில் வந்து இறங்கினோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இப்போது சாப்மன். டரம் பக்கத்துக்காரர், ராணுவத்தை விட்டு ஓடிப்போனவர், வெடி வைத்துப் பெட்டகம் உடைக்கும் திருடர். 1939இல் ஜெர்சி தீவில் பிடிபட்டு ஜெயிலில் இருக்கும்போதே அடுத்த வருஷம் ஜெர்மனி அந்தத் தீவைப் பிடித்துக்கொள்கிறது. வெளியே வர ஒரு வழி வேண்டும், உங்களுக்காக வேலை செய்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிறார். ஜெர்மானிய உளவுத்துறை அவரை பிரான்ஸில் நான்ட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் வைத்து வெடிமருந்து, வானொலி, நாசவேலை எல்லாம் சொல்லிக்கொடுத்து, 1942 டிசம்பர் 16 அன்று கேம்பிரிட்ஜ்ஷயரில் பாரசூட்டில் இறக்கியது. கொடுத்த முக்கியமான வேலை இது: ஹாட்ஃபீல்டில் மாஸ்கிட்டோ தயாரிக்கும் தொழிற்சாலையைத் தகர்க்க வேண்டும். செய்து முடித்தால் 15,000 பவுண்ட்.

அவர் என்ன செய்தார் தெரியுமா, இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே ஒரு பண்ணை வீட்டுக் கதவைத் தட்டி, போலீஸைக் கூப்பிடச் சொன்னார். ஆனால் பிரிட்டனின் உள்நாட்டு உளவுத்துறையான எம்ஐ5க்கு இப்படி ஒருவர் வரப்போவது ஏற்கனவே தெரியும், ஏனென்றால் ஜெர்மானிய உளவுத்துறையின் ரகசியச் செய்திகளை பிளெட்ச்லி பார்க் என்கிற பிரிட்டிஷ் சங்கேத மையத்தில் உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஆளை விசாரித்துப் பார்த்துவிட்டு, நம்பலாம் என்று முடிவு செய்து, ஜிக்ஜாக் என்று பெயர் வைத்து, ஹெண்டனில் ஒரு சாதாரண வீட்டில் தங்க வைத்து, அங்கிருந்தே ஜெர்மனிக்கு வானொலியில் செய்தி அனுப்ப வைத்தார்கள்.

இங்கேதான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஜெர்மனி அவரைத் தொடர்ந்து நம்ப வேண்டும் என்றால் தொழிற்சாலை வெடித்தாக வேண்டும். தொழிற்சாலை வெடிக்கவும் கூடாது. அதனால் 1943 ஜனவரி 29 ராத்திரி, உருமறைப்பு வேலை தெரிந்த ஆட்கள் ஹாட்ஃபீல்டுக்கு வந்து ஒரு முழு விபத்தையே ஜோடித்தார்கள். தொழிற்சாலைக்கு மின்சாரம் தரும் மின் நிலையத்து ட்ரான்ஸ்ஃபார்மர்களைப் போல மரத்திலும் காகிதக்கூழிலும் பொம்மைகள் செய்து, சாம்பல் வண்ணம் அடித்து, வெடியில் கவிழ்ந்தது போல உருட்டிப் போட்டார்கள். உண்மையான ட்ரான்ஸ்ஃபார்மர்களை மூடி அதன்மேல் பெரிய பள்ளம் மாதிரி வரைந்தார்கள். கட்டடச் சுவர்மேல் இடிந்த சுவர் வரைந்த தார்ப்பாய். நல்ல கதவைக் கழற்றிவிட்டு உடைந்த கதவு. சுற்றிலும் செங்கல், கட்டை, இடிபாடு. மேலேயிருந்து ஜெர்மானிய விமானம் படம் எடுத்தால் மின் நிலையம் போய்விட்டது என்றுதான் தெரிய வேண்டும்.

பத்திரிகையில் செய்தி வந்தால்தானே முழுசாக நம்புவார்கள். தி டைம்ஸ் ஆசிரியரிடம் கேட்டபோது, தெரிந்தே பொய்ச் செய்தி போட முடியாது என்று மறுத்துவிட்டார். டெய்லி எக்ஸ்பிரஸ் மட்டும் பிப்ரவரி 1 அன்று, லிஸ்பனுக்குப் போகும் முதல் பதிப்பில், லண்டன் புறநகரில் ஒரு தொழிற்சாலையில் வெடிவிபத்து என்று நாலு வரி போட்டது. போர்ச்சுகல் போரில் சேராத நாடு, போர்க்காலத்தில் அதன் தலைநகர் லிஸ்பனுக்குப் போகும் பத்திரிகை ஜெர்மானியர் கைக்குப் போய்விடும். டைம்ஸ் மறுத்தது சரி என்றுதான் நான் நினைக்கிறேன், எக்ஸ்பிரஸ் போட்டதையும் என்னால் தப்பு என்று சொல்ல முடியவில்லை. இதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்தப் பொம்மை வெடிப்புக்கு மறுநாள் காலையைக் கவனியுங்கள். ஜனவரி 30, நாஜிகள் ஆட்சிக்கு வந்து பத்தாவது வருஷம். காலை 11 மணிக்கு பெர்லின் வானொலியில் ஜெர்மானிய விமானப்படைத் தலைவர் கோரிங் பேச வேண்டும். சரியாக அந்த நேரத்துக்கு மூன்று மாஸ்கிட்டோக்கள் பட்டப்பகலில் பெர்லின்மேல் பறந்து குண்டு போட்டன, பேச்சு தள்ளிப்போயிற்று. மத்தியானம் பிரச்சார அமைச்சர் கோபெல்ஸ் பேசும்போது இன்னும் மூன்று. அந்த இரண்டாவது பயணத்தில் ஒரு விமானம் திரும்பவில்லை. ராத்திரி ஹாட்ஃபீல்டில் பொம்மை இடிபாடு, விடிந்ததும் பெர்லினில் நிஜ விமானங்கள். இரண்டையும் சேர்த்து யாரும் திட்டம் போட்டதாக நான் எங்கேயும் படிக்கவில்லை. தேதிகளை ஒன்றின் பக்கத்தில் ஒன்று வைத்துப் பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

சாப்மன் அதோடு நிற்கவில்லை, மார்ச்சில் கப்பலேறி லிஸ்பன் வழியாக ஜெர்மானியர்களிடமே திரும்பிப் போனார், இந்த முறை பிரிட்டனுக்காக. வந்த கப்பலை வெடிக்க வைப்பதற்காக நிலக்கரிக் கட்டி மாதிரி செய்த இரண்டு குண்டுகளை அவரிடம் கொடுத்தார்கள், அதை வாங்கி நேராகக் கப்பல் கேப்டனிடம் ஒப்படைத்தார். மாட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிந்தே போன ஆள். "அப்பா, அப்ப அவர் நல்லவரா கெட்டவரா?" என்று பையன் காரில் கேட்டான். திருடர், ஆனால் ஹாட்ஃபீல்டில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தவர்கள் உயிரோடு வீட்டுக்குப் போனதில் அவருக்கும் பங்கு உண்டு என்றேன். 1940இல் செத்த அந்த 21 பேரை நினைத்துக்கொண்டுதான் அப்படிச் சொன்னேன்.

சரி, உள்ளே என்ன பார்க்கலாம். மூன்று மாஸ்கிட்டோக்கள் இருக்கின்றன. முழுக்க மஞ்சள் வண்ணம் அடித்திருப்பதுதான் டபிள்யூ4050, நம் ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்று அன்றைக்கு அடித்த நிறம். போருக்குப் பிறகு இதை அழித்துவிட வேண்டும் என்றிருந்தபோது நிறுவனத்தில் வேலை பார்த்த ஒருவர் இடம் மாற்றி மாற்றி ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். சாலிஸ்பரி ஹாலை வாங்கிய வால்டர் கோல்ட்ஸ்மித் என்கிற ஓய்வுபெற்ற மேஜர் அதற்கு இடம் கொடுக்க, 1959இல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தார்கள்.

இரண்டாம் முறை என் மாமனாரையும் கூட்டிப் போயிருந்தேன். நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். விமானம் என்றால் அவருக்குப் பெரிதாக ஆர்வமில்லை, எங்களுக்காகத்தான் வந்தார். இது முழுக்க மரம் மாமா என்று சொன்னதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போனார், அப்புறம் அவரை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை. பர்ச் ஒட்டுப்பலகை இரண்டு, நடுவில் பஞ்சு மாதிரி லேசான பால்சா மரம், மூன்றையும் பசையால் ஒட்டி அச்சின்மேல் வளைத்திருக்கிறார்கள். உடல் பகுதியை வேர்க்கடலை ஓடு மாதிரி நீளவாட்டில் இரண்டு பாதியாகச் செய்து, உள்ளே கம்பி, குழாய் எல்லாம் பொருத்திய பிறகுதான் சேர்த்து ஒட்டுவார்களாம். மேஜை நாற்காலி செய்துகொண்டிருந்த பட்டறைகளுக்கெல்லாம் பிரித்துக் கொடுத்து, மொத்தம் 7,781 விமானங்கள் கட்டியிருக்கிறார்கள். உலோகத்துக்குத் தட்டுப்பாடு இருந்த காலத்தில் தச்சர்கள் கையால் வந்த விமானம். மாமா இதை மூன்று முறை திரும்பக் கேட்டார்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வாம்பயர், வெனம், சீ விக்ஸன் என்று ஜெட் விமானங்கள் நிறைய, எனக்கு அவற்றில் அவ்வளவு ஈடுபாடு இல்லை, பையனுக்கு அவைதான் பிடித்தன. ஹோர்சா என்கிற, இன்ஜின் இல்லாத கிளைடர் விமானத்தின் உடல் பகுதி ஒன்று இருக்கிறது, அதுவும் மரம், அதையும் இதே சாலிஸ்பரி ஹாலில்தான் வடிவமைத்தார்கள். சதுர ஜன்னல் வைத்த பழைய கோமெட் பயணிகள் விமானத்தின் உள்ளே ஏறி நடக்கலாம். இந்த ரக விமானங்கள் 1954இல் உலோகச் சோர்வால், அதாவது திரும்பத் திரும்ப வந்த அழுத்தத்தில் உலோகம் விரிசல் விட்டு, நடுவானில் உடைந்ததைத் தெரிந்துகொண்டு அந்த ஜன்னல் ஓரத்தில் நின்றால் மனசு கனத்துப்போகும்.

இந்த இடத்தை நடத்துவதே தன்னார்வலர்கள்தான், பெரும்பாலும் வயதானவர்கள். தயவுசெய்து அவர்களிடம் பேசுங்கள். பலகையில் எழுதியிருப்பதை மட்டும் படித்துவிட்டு வந்தால் பாதிதான் கிடைக்கும், நான் முதல் முறை செய்த தப்பு அதுதான். பேசுவதற்காகவே காத்திருப்பது போல நின்று பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், வருஷம் முழுக்க எல்லா நாளும் திறந்திருக்காது. கார் இருந்தால் வசதி.

நேரம் இருந்தால் திரும்பும்போது ஹாட்ஃபீல்ட் வழியாக வாருங்கள். தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது பல்கலைக்கழக வளாகம், அலுவலகங்கள், வீடுகள். டி ஹாவிலண்ட் பெயர் மட்டும் அந்த வளாகத்துக்கு இருக்கிறது. நாங்கள் வண்டியை நிறுத்தி இறங்கி ஒரு சுற்று நடந்தோம்.

மாமா அருங்காட்சியகத்தில் கடைசி வரைக்கும் தேடியது அந்த இரண்டு பாதியும் சேரும் ஒட்டு இடத்தை. எங்கே பார்த்தாலும் தெரியவில்லை. அங்கிருந்த தன்னார்வலர் சிரித்துக்கொண்டே சொன்னார், மரத்தின்மேல் மெல்லிய பருத்தித் துணி ஒட்டி அதன்மேல்தான் வண்ணம் அடித்திருக்கிறார்கள், அதனால் ஒட்டு தெரியாது. மடபொலம் என்று அந்தத் துணிக்குப் பெயர். ஆந்திராவில் நரசாபுரம் பக்கம், கோதாவரி ஓரத்து ஊர் ஒன்றின் பெயர் அது, கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் அங்கே நெய்த துணியால் வந்தது. நான் சொன்னதும் மாமா மறுபடி போய் இறக்கைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "மாப்பிள்ளை, ஒட்டு எங்க இருக்குன்னு தெரியாம செஞ்சிருக்கான் பாருங்க" என்றார். அடுத்த முறை எப்போது போகிறோம் என்று வாராவாரம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.