ஓராண்டு வாசிப்பும் எங்கள் ஊர்க் கிளை நூலகமும்

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடையே உள்ள எங்கள் சிற்றூரின் கிளை நூலகத்தில் சென்ற ஆண்டு ஜனவரியில் உறுப்பினரானேன். டிசம்பர் இறுதியில் குறிப்பேட்டை எண்ணிப் பார்த்தபோது 31 நூல்களைக் கடைசிப் பக்கம் வரை படித்திருந்தேன். அதற்கு முந்தைய ஆண்டுகளில், கோவைக்குப் போகும்போதெல்லாம் ஆசையாக வாங்கி வந்து அலமாரியில் அடுக்கியவற்றுள் நான்கைந்துக்கு மேல் முடித்ததில்லை. அதனால் இந்த ஓராண்டு வாசிப்பைப் பற்றி எழுதுவதென்றால் அந்த நூலகத்தின் சேவையைப் பற்றியே எழுதியாக வேண்டும்.

சொந்தப் புத்தகம் எப்போதும் கையில் இருப்பதால் நாளைக்குப் படிக்கலாம் என்று தள்ளிக்கொண்டே போகிறோம். நூலகப் புத்தகமோ பதினைந்து நாளில் திரும்பவேண்டியது. பின்னட்டையின் உள்ளே ஒட்டிய தாளில் அடித்துத் தரும் அந்த நீல முத்திரைத் தேதி, கொழுந்து பறித்து எடை போட்டுவிட்டு அலுப்போடு வீடு திரும்பும் மாலைகளிலும் என்னை அரைமணி நேரமாவது உட்கார வைத்தது. ஜனவரி உறைபனிக் காலத்தில் கணப்பருகே உட்கார்ந்து தொடங்கிய பழக்கம், கோடையில் வேலை மிகுந்தபோதும் அறுபடவில்லை.

நூலகரைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். திறப்பது, பதிவேடு எழுதுவது, நாளிதழ்களை அடுக்குவது, பெருக்குவது என எல்லாவற்றையும் ஒருவராகவே செய்யும் அந்தப் பெண், மார்ச் மாதத்தில் ஒரு நாள் நான் கேட்காமலே ஒரு தடித்த நாவலை எடுத்து வைத்து, "அக்கா, இது நம்ம மலையப் பத்தின கதை, இன்னும் படிக்கலையா?" என்றார். ராஜம் கிருஷ்ணனின் 'குறிஞ்சித்தேன்' அது. படகர் குடும்பமொன்றின் வாழ்வினூடே, பழைய பயிர்கள் விளைந்த நிலத்தில் பணப்பயிர் வந்து சேர்வதையும், அதனோடு உறவுகள் மாறுவதையும் அந்த நாவல் சொல்கிறது. என் மாமியார் சாமையும் ராகியும் விளைந்த காலத்தைப் பற்றி எத்தனையோ முறை பேசியிருக்கிறார். நான் பாதிக் காதில் கேட்டிருக்கிறேன். நாவலைப் படித்த பிறகு அவரிடம் நானாகப் போய்க் கேட்டேன். இரண்டு மாலைகள் முழுக்கப் பேசினார். சென்ற ஆண்டு படித்தவற்றுள் எனக்கு மிக நெருக்கமான நூல் எது என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

அந்தப் பிரதியின் தேதித்தாளில் எனக்கு முந்தைய முத்திரை எட்டு ஆண்டுகளுக்கு முற்பட்டது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் வேண்டும் என்பது. அலமாரியில் எட்டு ஆண்டுகள் காத்திருந்த நூலை அதற்குரிய கையில் சேர்த்த நூலகர் அந்த விதியை நிறைவேற்றியவர். ஆனால் வாசகரின் நேரத்தைச் சேமி என்ற நான்காம் விதி இங்கே நிறைவேறவில்லை. நூற்பட்டியல் இல்லை, எந்த நூல் இருக்கிறது, எது வெளியே போயிருக்கிறது என்பது நூலகரின் நினைவில் மட்டுமே உள்ளது. அவர் விடுப்பில் இருந்தால் தேடுவது நம் பாடு. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களில் மூன்றாவதை நான் கடைசிவரை காணவில்லை. இரண்டாம் பாகத்தோடு நிறுத்தவேண்டி வந்தது.

இதைவிடப் பெரிய குறை ஈரம். கூடலூர், குந்தா பக்கத்தைப் போலத் தென்மேற்குப் பருவமழை எங்களை அவ்வளவாக நனைப்பதில்லை. எங்கள் பக்கத்தில் அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்குப் பருவமழைதான் சுவரையும் காகிதத்தையும் ஒருசேர ஊற வைக்கிறது. சுவரை ஒட்டி நிற்கும் அலமாரிகளில் கீழ்த்தட்டு நூல்கள் பூசணம் பூத்து, பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இராமபாணப் பூச்சி அரித்த துளைகளை நானே பார்த்தேன். அந்துருண்டை போடுவதால் மட்டும் இது தீராது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, கீழ்த்தட்டைக் காலியாக விட்டு, வெயில் அடிக்கும் நாள்களில் சன்னல்களைத் திறந்து வைத்தாலே பாதி நூல்கள் தப்பும். இதை எழுதிக் கொடுத்தேன். அலமாரிகள் இன்னும் நகரவில்லை. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் வழியே நம் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்ந்தே போகிறது. ஆகவே நம் பணத்தில் வாங்கிய நூல்கள் அழுகுவதைப் பார்த்துச் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை, மீண்டும் எழுதப்போகிறேன்.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் இந்த நூலகத்தில் சேருமாறு அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சேர்பவர்கள் கவனிக்கவேண்டியவை சில உண்டு: வெள்ளிக்கிழமை விடுமுறை, வியாழன் மாலையில் கூட்டம் மிகுதி. பாகம் பாகமாக உள்ள நூல்களைத் தொடங்குமுன் எல்லாப் பாகங்களும் இருக்கின்றனவா என்று நூலகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் புத்தகத்தைக் கையில் பிடித்து நடக்காமல், பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள்.