சாபிக்ஸ், லிப்ரே என்எம்எஸ், ப்ரொமீதியஸ்: நெட்வொர்க்கைக் கண்காணிக்க எது?

இந்த மூன்று கண்காணிப்பு மென்பொருள்களுக்கும் லைசென்ஸ் கட்டணம் இல்லை. மூன்றுமே எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளிடம் நிலவரம் கேட்கும் நெறிமுறை) வழியாக ஸ்விட்ச், ரவுட்டர்களிடம் கணக்குக் கேட்பவை. கிராஃபின் அழகைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். எத்தனை நொடிக்கு ஒருமுறை கேட்கிறது, கேட்டதை எப்படிச் சேமிக்கிறது என்று பாருங்கள்.

வேகமாக வேலையைத் தொடங்க லிப்ரே என்எம்எஸ்தான். ஐபி முகவரியும் கம்யூனிட்டி ஸ்ட்ரிங்கும் (எஸ்என்எம்பியின் கடவுச்சொல் போன்றது) கொடுத்தால் போதும். போர்ட்டுகள், வெப்பநிலை சென்சார்கள், பிஜிபி அண்டைகள் (வழித்தடத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் பக்கத்து ரவுட்டர்கள்) எல்லாவற்றையும் தானே கண்டுபிடித்துவிடும். குறை, அதன் 5 நிமிட இடைவெளி. 1 ஜிபிபிஎஸ் லிங்க் 30 நொடி முழுக்க நிரம்பி, மீதி நேரம் சும்மா இருந்தால் கிராஃப் 5 நிமிடச் சராசரியாக 100 எம்பிபிஎஸ் என்றே காட்டும். வாடிக்கையாளரின் வீடியோ கால் அந்த 30 நொடியில்தான் அறுந்திருக்கும். பிறகு 1 நிமிடத்துக்கு மாற்ற நினைத்தால் கணக்குக் கேட்கும் போலரை மட்டும் மாற்றினால் போதாது, தரவைச் சேமிக்கும் ஆர்ஆர்டி கோப்புகளில் ஏற்கெனவே உள்ளவற்றின் ஸ்டெப்பையும் (பதிவு இடைவெளி) மாற்ற வேண்டும். ஆகவே முதல் கருவியைச் சேர்க்கும் முன்பே முடிவெடுங்கள்.

சாபிக்ஸில் ஒவ்வொரு ஐட்டத்துக்கும் (அளக்கப்படும் ஒரு மதிப்பு) தனி இடைவெளி வைக்கலாம்: அப்லிங்க்குக்கு 30 நொடி, வெப்பநிலைக்கு 10 நிமிடம். ட்ரிக்கர் சார்புகளை (எந்த எச்சரிக்கை எதைச் சார்ந்தது என்பதை) சரியாக அமைத்தால், கோர் ரவுட்டர் விழும்போது அதற்குப் பின்னால் உள்ள ஸ்விட்ச்கள் எல்லாம் சேர்ந்து அலறாது. கிளை அலுவலகங்களில் ப்ராக்ஸி (அங்கேயே தரவு சேகரிக்கும் துணை சர்வர்) வைத்தால், லைன் அறுந்த நேரத்துத் தரவையும் தேக்கிவைத்துப் பிறகு அனுப்பும். சிக்கல் வருவது டேட்டாபேஸில். 300 ஸ்விட்ச், ஒவ்வொன்றிலும் 48 போர்ட், போர்ட்டுக்கு 8 ஐட்டம்: மொத்தம் 1,15,200. நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் நொடிக்கு 1,920 வரிகள் எழுதப்படும். பழைய வரிகளை ஹவுஸ்கீப்பர் என்ற துப்புரவுப் பகுதி ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கினால் எல்லாமே மந்தமாகும். முதல் நாளிலிருந்தே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுடன், நேரவரிசைத் தரவுக்கான அதன் இணைப்பான டைம்ஸ்கேல்டிபியைப் போடுங்கள். தேவையற்ற போர்ட்டுகளை டிஸ்கவரி ஃபில்டரிலேயே கழித்துவிடுங்கள்.

ப்ரொமீதியஸ் ஏற்கெனவே சர்வர்களுக்கு ஓடுகிற இடத்தில் மட்டும் பொருந்தும். அது எஸ்என்எம்பி எக்ஸ்போர்ட்டர் என்ற இடைநிலை நிரல் வழியாகத்தான் கேட்கும். அதில் இல்லாத எம்ஐபி (கருவியிடம் கேட்கக்கூடிய மதிப்புகளின் பட்டியல்) என்றால், அதற்கான அமைப்புக் கோப்பை உருவாக்கும் ஜெனரேட்டரை நீங்களே ஓட்ட வேண்டும். ஒருமுறை கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் ஸ்க்ரேப் டைம்அவுட் இயல்பாக 10 நொடி. பல கார்டுகள் செருகிய பெரிய சேஸி ஸ்விட்ச் அதற்குள் பதில் சொல்லி முடிக்காமல் கிராஃபில் ஓட்டை விழும். தரவும் இயல்பில் 15 நாள்தான் நிற்கும்.

எதை எடுத்தாலும் போர்ட்டில் போன பைட்டுகளை எண்ணும் 64 பிட் கவுண்டரைத்தான் படிக்க வேண்டும். 1 ஜிபிபிஎஸ் முழுவேகத்தில் 32 பிட் கவுண்டர் சுமார் 34 நொடியில் சுற்றி மறுபடி பூஜ்யத்துக்கு வந்துவிடும். எஸ்என்எம்பி பதிப்பு 1-இல் 64 பிட் கவுண்டரே கிடையாது. 2சி அல்லது 3 வையுங்கள்.

சேவைத் தரத்துக்கு எஸ்என்எம்பி மட்டும் போதாது. போர்ட் பச்சையாக இருக்கும், பாக்கெட் வழியில் தொலைந்துகொண்டிருக்கும். லிப்ரேயுடன் ஸ்மோக்பிங், ப்ரொமீதியஸுடன் பிளாக்பாக்ஸ் எக்ஸ்போர்ட்டர், சாபிக்ஸில் அதன் ஐசிஎம்பி (பிங்) ஐட்டங்கள் என்று ஏதாவது ஒன்றை வைத்துத் தாமதத்தையும் இழப்பையும் அளவிடுங்கள். எஸ்எல்ஏ (சேவைத் தர ஒப்பந்தம்) கையெழுத்திட்டவர்கள், ரவுட்டரிலேயே ட்வாம்ப் (இரு முனைகளுக்கிடையே தாமதத்தை அளக்கும் நெறிமுறை) இருந்தால் அதை இயக்கலாம். இரு முனைகளின் கடிகாரமும் துல்லியமாக ஒத்துப்போகாதவரை அது காட்டும் ஒருவழித் தாமதத்தை விட்டுவிட்டு, போய்வரும் நேரத்தை மட்டும் அறிக்கையில் எழுதுங்கள்.