ஹார்மோன் ஊசிக்கு மதுரை போகவேண்டாம்: கேணிக்கரை யூராலஜி கிளினிக்

அப்பாவுக்கு ப்ராஸ்டேட் கேன்சர், எலும்பு வரை பரவியது. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனை இறக்குவதற்காக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடுகிற லியூப்ரோலைடு ஊசிக்காக பாம்பனிலிருந்து மதுரைக்கு அவரை அலையவிடக் கூடாதென்று ராமநாதபுரம் கேணிக்கரையில் இருக்கும் இந்தச் சின்ன கிளினிக்குக்கு மாறினோம். நம்பிப் போகலாம்.

முன்பு பார்த்த இடத்தில் ஊசியைப் போட்டுவிட்டு "கிளம்புங்க" என்றதோடு சரி. முதல் ஊசி போட்டதும் டெஸ்டோஸ்டிரோன் இறங்குவதற்கு முன் கொஞ்ச நாளைக்கு ஏறும், அதனால் அது வேலை செய்யாமல் தடுக்கும் பைகலுடமைடு மாத்திரையை முன்னாலேயே கொடுத்திருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவே இல்லை. இடுப்பு வலியில் அப்பா பட்ட பாடு இன்னும் ஆறவில்லை எனக்கு.

இங்கே டாக்டர் மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். கேன்சர் செல்லுக்குள் ஆண்ட்ரோஜன் ரிசெப்டார் என்று ஒரு புரதம், டெஸ்டோஸ்டிரோன் வந்து ஒட்டினால் அது உட்கருவுக்குள் போய் வளர்ச்சிக்கான ஜீன்களைக் கிளப்பிவிடும். ஊசி டெஸ்டோஸ்டிரோனை அடியோடு இறக்கியதும் நிறைய செல்கள் சாகும், மிச்சம் சுருங்கி வளராமல் கிடக்கும். ஆனால் கிடப்பவை உயிரோடுதான் இருக்கின்றன. பிஎஸ்ஏ என்று ரத்தத்தில் பார்க்கிற ப்ராஸ்டேட் புரதத்தை உண்டாக்கும் ஜீனையும் அதே ரிசெப்டார்தான் இயக்குகிறது, அதனால் பிஎஸ்ஏ மளமளவென்று இறங்கியதை வைத்து நோயே போய்விட்டது என்று ஊசியை நிறுத்திவிடாதீர்கள். நாளாக ஆக சில செல்கள் ரிசெப்டாரைப் பெருக்கிக்கொள்ளும், சில ஹார்மோன் ஒட்டாமலே வேலை செய்கிற மாதிரி அதை மாற்றிக்கொள்ளும், சில ஆண்ட்ரோஜனை, அதாவது ஆண் ஹார்மோனை, தாமே தயாரித்துக்கொள்ளும். அப்போது அபிராடெரோன், என்சாலுடமைடு மாதிரி மருந்துகளைச் சேர்ப்பார்களாம். பிஎஸ்ஏ ஏறினால் டெஸ்டோஸ்டிரோன் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார், இது எல்லா இடத்திலும் செய்ய வேண்டியது.

ஊசி போடும் சிஸ்டர் பெட்டியை நம் கண் முன்னாலேயே பிரித்து, பொடியில் மருந்துத் தண்ணீரைக் கலந்து, பால் மாதிரி வெள்ளையாக வந்ததும் தாமதிக்காமல் போட்டுவிடுகிறார். "ஐயா, காலைத் தளர்த்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுத்தான் கை வைப்பார். திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பது, எலும்பு தேய்வது எல்லாம் பேசி, கால்சியம் எழுதிக் கொடுத்தார்கள். கடலுக்குப் போகிறவர்கள் என்றால் எப்போது கரையில் இருப்பார்கள் என்று கேட்டு, நாள் தள்ளிப்போகாதபடி தேதி போடுகிறார்கள்.

குறை என்றால், மாடியில் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. எலும்பு வலியோடு வருகிறவர்களுக்குப் படி ஏறுவது கொடுமை, கீழே ஒரு அறை போட்டே ஆக வேண்டும். மற்றபடி காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், பகலுக்கு மேல் கூட்டம்.