நீச்சல் வீரர்களுக்கான விளையாட்டு மருத்துவப் பிரிவு: ஏழு மாத அனுபவத்தில் ஒரு மதிப்பீடு

என் மகளுக்கு 16 வயது. 200 மீட்டர் பட்டர்ஃபிளை அவளுடைய போட்டி. வலது தோள்பட்டை வலிக்காக ஒரு விளையாட்டு மருத்துவ மையத்தின் நீர் விளையாட்டுப் பிரிவில் ஏழு மாதங்களாகச் சிகிச்சை பெற்று வருகிறாள். பிள்ளைகளை இத்தகைய பிரிவுக்கு அழைத்துச் செல்லலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன்.

இதற்கு முன் வேறொரு மருத்துவமனையில் இரண்டு முறை காட்டினோம். எக்ஸ்ரே எடுத்து, எலும்பில் ஒன்றுமில்லை என்று சொல்லி, வலி மாத்திரை கொடுத்து, ஆறு வாரம் குளத்துப் பக்கமே போகக் கூடாது என்றார்கள். ஓய்வில் வலி அடங்கியது. குளத்துக்குத் திரும்பிய பத்தாம் நாள் அதே இடத்தில் மீண்டும் வந்தது. இழந்த பயிற்சியை ஒரே மூச்சில் ஈடுகட்ட அவள் முயன்றதும் அதற்கு ஒரு காரணம் என்பது பின்னர்தான் எங்களுக்குப் புரிந்தது.

புதிய இடத்தில் மருத்துவர் கேட்ட கேள்விகளே வேறாக இருந்தன. கை தண்ணீருக்குள் நுழையும்போது வலிக்கிறதா, இழுக்கும்போதா, வெளியே வரும்போதா என்று தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார்: 50 மீட்டருக்கு இரண்டு கைகளுக்கும் சேர்த்து 40 வீச்சு என்று வைத்தால், 6 கிலோமீட்டர் ஃப்ரீஸ்டைல் பயிற்சியில் ஒவ்வொரு தோளும் 2,400 முறை சுழல்கிறது. 'நீச்சல் வீரர் தோள்' என்ற பெயர் 1974-லேயே மருத்துவ இதழில் இடம்பெற்றுவிட்டதென்றும், தசைநாண் பாதிப்பு, மூட்டுத் தளர்வு, தோள்பட்டை எலும்பைப் பிடித்து நிறுத்தும் தசைகளின் களைப்பு என்று பல காரணங்கள் அந்த ஒரே பெயருக்குள் அடங்கியிருப்பதாகவும் பொறுமையாக விளக்கினார்.

அடுத்த வாரம் ஃபிசியோ குளத்துக்கே வந்தார். இந்தப் பிரிவை நான் உயர்வாக மதிப்பிட முதல் காரணம் இதுதான். நீருக்கடியில் கேமராவை வைத்து அவள் நீந்துவதைத் தொடக்கத்திலும் களைத்த பிறகும் படம் எடுத்தார். தொடக்கத்தில் சீராக இருந்த வலது கை, களைத்தபின் கட்டைவிரல் முன்னால் வர, தலைக்கு நேரான கோட்டைத் தாண்டி இடப்பக்கம் நுழைந்தது. கரையேறியதும் சுவரில் கைகளை ஊன்றித் தள்ளச் சொன்னபோது, தோள்பட்டை எலும்பின் உள்விளிம்பு இறக்கை போல வெளியே துருத்துவதை நானே பார்த்தேன். ஆறு மாதமாக அதே குளக்கரையில் உட்கார்ந்திருந்தும் எனக்கு அது கண்ணில் படவில்லை.

நீச்சலை நிறுத்தச் சொல்லவில்லை. தூரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தார்கள். கையில் மாட்டும் பேடில்களை ஒதுக்கினார்கள். கால் பயிற்சியின்போது கையில் பிடித்துக்கொள்ளும் மிதவைப் பலகையான கிக் போர்டைப் பிடித்தால் தோள் நெடுநேரம் தலைக்குமேல் நீண்டே இருக்கும் என்பதால், கைகளைப் பக்கவாட்டில் வைத்துக் கால் பயிற்சி செய்யச் சொன்னார்கள். தோழிகள் பின்னாலிருந்து கைகளை இழுத்துவிடும் வழக்கத்தையும் நிறுத்தினார்கள். ஏற்கெனவே தளர்ந்த மூட்டை அது இன்னும் தளர்த்திவிடுமாம். ரப்பர் பட்டையைக் கொண்டு செய்யும் பயிற்சிகள் சலிப்பூட்டுபவை, ஆனால் பலன் தந்தவை அவையே.

பயிற்சிக்குப் பின் அவளுக்கு வரும் இருமலையும் இவர்கள்தான் பொருட்படுத்தினார்கள். உள்ளரங்கக் குளங்களில் குளோரின், வியர்வை முதலியவற்றோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, நீந்துபவர் மூச்சிழுக்கும் இடத்திலேயே தங்குகிறது. உடற்பயிற்சிக்கு முன்னும் பின்னும் மூச்சுத்திறனை அளந்த பிறகே இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார்கள். அதிலுள்ள மருந்தான சால்புடமாலை 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராமுக்கும், எந்த 8 மணி நேரத்திலும் 600 மைக்ரோகிராமுக்கும் மிகாமல் உறிஞ்சவே ஊக்கமருந்து விதி அனுமதிக்கிறது என்பதை மருந்துச் சீட்டிலேயே எழுதியிருந்தார்கள். போட்டியாளருக்கு மருந்து எழுதும் எல்லோரும் இந்தக் கவனத்தைக் காட்டுவதில்லை.

குறைகளும் உண்டு. பயிற்சியாளருக்கு அனுப்ப வேண்டிய அறிக்கை ஒன்பது நாள் தாமதமாக வந்தது. அதற்குள் அவர் பழைய தூரத்தையே கொடுத்துவிட்டார். அதைவிடப் பெரிய குறை, மாதவிடாய் சீராக இருக்கிறதா, செலவாகும் ஆற்றலுக்கு ஏற்பச் சாப்பிடுகிறாளா என்று ஐந்தாம் மாதத்தில்தான் கேட்டார்கள். ஆற்றல் பற்றாக்குறை எலும்பையும் ஹார்மோன்களையும் பாதிக்கும் என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-லேயே அறிக்கை வெளியிட்டிருக்கும்போது, வளரும் பெண்ணிடம் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. இதை அவர்களிடமே சொன்னேன். முதல் நாள் படிவத்தில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்போது அவள் முழுத் தூரமும் நீந்துகிறாள். பேடில் மட்டும் இன்னும் வரவில்லை. போகிறவர்கள் கடைசி நான்கு வாரப் பயிற்சிக் குறிப்பேட்டைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அது எங்களிடம் இல்லாததால் முதல் சந்திப்பில் பாதி நேரம் ஞாபகத்திலிருந்து தூரங்களைச் சொல்வதிலேயே போய்விட்டது.