ஒரே பெடல் ஸ்டீல் கித்தாரில் நான்கு பிக்கப்கள்: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

பெடல் ஸ்டீல் கித்தார் என்பது கால்களில் கிடையாக நிற்கும் கருவி; தந்திகள்மேல் பார் என்ற எஃகு உருளையை நகர்த்தியும், பெடல்களால் சுருதியை மாற்றியும் வாசிப்பார்கள். தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்த பாகமே பிக்கப். பத்துத் தந்திகள் கொண்ட, இ9 ட்யூனிங்கில் (தந்திகளின் சுருதி அமைப்பு) அமைந்த என்னுடைய கருவியில் பல ஆண்டுகளாகப் பிக்கப்களை மாற்றி மாற்றிப் பொருத்தி வாசித்துவருகிறேன். ட்ரூடோன் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் வகை), பில் லாரன்ஸ் 710, ஜார்ஜ் எல்ஸ் இ-66, லேஸ் அலுமிடோன் ஆகிய நான்கும் அதில் நீண்ட காலம் இருந்தவை. ஆம்ப் (ஒலிபெருக்கி) பீவி நாஷ்வில் 400. தந்திகளும் பாரும் மாறவில்லை. வீட்டில் ஒலிப்பதிவு செய்வதற்கும், டெக்சஸின் நடனக் கூடங்களில் கண்ட்ரி இசைக்குழுவோடு வாசிப்பதற்கும் இதே கருவிதான். இந்த இரண்டு இடங்களும் பிக்கப்களுக்கு ஒரே தரவரிசையைத் தருவதில்லை. அதற்கான காரணத்தின் பெரும்பகுதி பிக்கப்புக்குள் இல்லை.

பிக்கப் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது அதன் மின்தடை எத்தனை கிலோஓம் என்பதைத்தான். ஸ்ட்ராடோகாஸ்டர் போன்ற கித்தாரின் சிங்கிள் காயில் 6 கிலோஓம் அளவில் இருக்கும். பெடல் ஸ்டீலில் 15 முதல் 20 வரை சாதாரணம். தந்தியை அதன் முனைக்கு அருகிலேயே உலோக விரல் பிக்கால் மீட்டுவதாலும், மறுமுனையில் கனத்த எஃகுப் பார் இருப்பதாலும் இக்கருவியின் இயல்பான ஒலியே மிகக் கூர்மையானது. பிக்கப் சுருளில் கம்பிச் சுற்றுகளைக் கூட்டினால் வெளியீடு உயர்கிறது, தூண்டல் (inductance) கூடுகிறது, பிக்கப் மிக வலுவாக ஒலிக்கும் அலைவெண்ணான ஒத்ததிர்வு உச்சம் கீழே இறங்கி அந்தக் கூர்மை தணிகிறது. ஆனால் அதே எண்ணிக்கையிலான சுற்றுகளை மெல்லிய கம்பியால் சுற்றினாலும் ஓம் மீட்டர் அதிகமாகத்தான் காட்டும். ஆகவே இரு வேறு தயாரிப்பாளர்களின் பிக்கப்களை ஓம் எண்ணை வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை. அலுமிடோன் இதற்கு நல்ல சான்று: ஒற்றை அலுமினிய வளையமும் சிறு டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்த அமைப்பு என்பதால் அதன் மின்தடை மற்றவற்றோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு, ஆனால் ஒலி வலுவில் எந்தக் குறையும் இல்லை.

தனியாக, அமைதியான அறையில் கேட்கும்போது ட்ரூடோனை மற்ற மூன்றும் எட்டவில்லை என்பதே என் தீர்ப்பு. மூன்றாம் தந்தியான ஜி ஷார்ப்பிலும் அதற்கு மேலுள்ள இரு தந்திகளிலும் மீட்டிய கணத்தின் தெளிவு, பிறகு சுரம் மெல்லக் கனிந்து நீளும் விதம் ஆகியவை வேறெதிலும் இந்த அளவுக்கு வரவில்லை. 710 நடுப்பகுதி நிறைந்தது; பத்தாம் தந்தி வரை சமமாக ஒலிப்பது; மேல் தந்திகளில் சற்று வட்டமானது. இ-66 இவ்விரண்டுக்கும் இடையே, சிங்கிள் காயிலின் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அலுமிடோன் எல்லா அலைவரிசைகளையும் விரித்துக் காட்டுகிறது; பார் தந்தியில் உரசும் ஓசைகூடக் கேட்பதால் இடது கை சுத்தமாக இருந்தாக வேண்டும்.

நடனக் கூடத்தில், மின் இணைப்புகளிலிருந்து சிங்கிள் காயில் பிடித்துக்கொள்ளும் 60 ஹெர்ட்ஸ் இரைச்சல் கணக்கில் நுழைகிறது. நியான் விளக்குகளும் டிம்மர்களும் உள்ள இடத்தில் சாதாரண கித்தார் வாசிப்பவர் சற்றுத் திரும்பி நின்று இரைச்சலைக் குறைத்துக்கொள்வார். நாமோ நான்கு கால் ஊன்றிய கருவியின் பின்னால் அமர்ந்திருக்கிறோம். முதல் பாட்டுக்கு முன் இடத்தைச் சரிசெய்துகொண்டால்தான் உண்டு. இரு சுருள்களால் அந்த இரைச்சலை ரத்து செய்யும் 710 போன்ற ஹம்பக்கருக்கு இந்தக் கவலை இல்லை. அதனால் மேடையில் 710 நெடுங்காலம் நிலைத்தது.

இவற்றை எல்லாம்விட என் முடிவுகளை மாற்றியது, காலால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடல். ஸ்டீல் வாசிப்பவர் அதை ஏறக்குறையப் பாதியில் வைத்துத் தொடங்கி, சுரம் தேயத் தேயத் திறந்துகொண்டே போவார். 500 கிலோஓம் பொட்டென்ஷியோமீட்டர் (மாற்றக்கூடிய மின்தடை) உள்ள வழக்கமான பெடலில் மின்தடை சரிபாதியாகப் பிரியும் இடத்தில் ஆம்ப்புக்குத் தெரியும் மூல மின்தடை சுமார் 125 கிலோஓம். பெடலிலிருந்து ஆம்ப்புக்குச் செல்லும் கேபிளின் மின்தேக்கம் 400 பிகோஃபாரட் என்று கொண்டால், ஏறத்தாழ 3,200 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலி அங்கேயே தேயத் தொடங்குகிறது. பிக்கப்கள் ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுவதும் பெரும்பாலும் அந்த உயர்ந்த பகுதியில்தான். அதாவது, உண்மையில் வாசிக்கும் நிலையில் நான்கு பிக்கப்களும் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. பெடலை முழுதாக மிதித்துக்கொண்டு செய்யும் ஒப்பீடு, யாரும் வாசிக்காத ஒரு நிலையை ஒப்பிடுகிறது. பொட்டென்ஷியோமீட்டருக்குப் பதிலாக மின்னணுச் சுற்றால் இயங்கும் பெடலுக்கு மாறியதும் வேறுபாடுகள் திரும்பி வந்தன. பழைய பெடலில் மந்தமாகத் தோன்றிய 710 அப்போது மேடையில் போதுமான அளவுக்குப் பளிச்சென்று ஒலித்தது. வீட்டில் எனக்குப் பிடித்திருந்த அலுமிடோனோ, குழுவின் ஃபிடிலோடு மோதும் அளவுக்குக் கூர்மையாகிவிட்டது.

உயரத்தைச் சமன் செய்யாமல் எந்த பிக்கப்பையும் மதிப்பிட முடியாது. தந்திக்கும் பிக்கப்புக்கும் இடையே இரண்டு அமெரிக்கக் கால் டாலர் நாணயங்கள், அதாவது 3.5 மில்லிமீட்டர் இடைவெளி, என்பது பலரும் தொடங்கும் அளவு. வெளியீடு வலுவான பிக்கப்பை அதே உயரத்தில் வைத்தால் அது வெறுமனே சத்தமாகக் கேட்கிறது; காது அதையே மேன்மை என்று எடுத்துக்கொள்கிறது. ஆறாம் தந்தியும் கவனிக்க வேண்டியது. மேலே கம்பி சுற்றாத 020 (0.020 அங்குலத் தடிமன்) தந்தியிலிருந்து கம்பி சுற்றிய 022-க்கு மாறினால் காந்தத்துக்குத் தெரியும் உட்கம்பி மெலிந்து அந்தச் சுரம் அடங்குகிறது. குற்றம் பிக்கப்பின்மேல் விழுகிறது. ஆம்ப்பில் 800 ஹெர்ட்ஸ் அருகே நடுப்பகுதியைக் குறைப்பது ஸ்டீல் வாசிப்பவர்களின் பழைய வழக்கம். 710-க்கு அது அவசியப்பட்டது, ட்ரூடோனுக்கு மிகச் சிறிதளவே போதுமாக இருந்தது. எனவே பிக்கப்பை மாற்றும்போது ஆம்ப்பின் பழைய அமைப்பை அப்படியே விட்டுவைப்பதும் நியாயமான சோதனை ஆகாது.

இப்போது ஒலிப்பதிவுக்கு ட்ரூடோனும் மேடைக்கு இ-66-உம் என்று வைத்திருக்கிறேன். 710-ஐ இ-66 வெளியேற்றியது ஒரே காரணத்தால்: மின்னணுப் பெடலோடு சேரும்போது சிங்கிள் காயிலின் தெளிவில் பெரும்பங்கை இரைச்சல் இல்லாமல் தருகிறது. சி6 என்ற மற்றொரு ட்யூனிங்கில் கனமான தந்திகளை வைத்து ஸ்விங் (ஜாஸ் சார்ந்த நடன இசை) வாசிப்பவராக இருந்தால் 710-ஐயே பரிந்துரைப்பேன். வாங்குவதற்கு முன் உங்கள் கருவியின் பிக்கப் குழியின் ஆழத்தையும் தந்திகளுக்கு இடையிலான தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் இவை மாறுபடும், உயரமான சிங்கிள் காயில் எல்லாக் குழிகளிலும் அடங்காது.